கம்பளி பதினான்கு

ஆடிட்டர் ஐயாவுக்கு,
வவுச்சர் எண் நாற்பத்தொன்றின் ஓரத்தில்
சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள்:
‘கம்பளி பதினான்கு, கியூரிங் கணக்கில். எதற்கு?’

தலைகுந்தாவில் தை மாதத்து இரவு ஒன்றை
வவுச்சரோடு பின் அடித்து அனுப்ப முடியாது.
ஆகையால் எழுதுகிறேன்.

துணை சுகாதார நிலையத்தின் கூரை,
இருபத்துநாலுக்கு இருபது.
காலையில் தொடங்க வேண்டியது.
ஜல்லி லாரி கல்லட்டி ஏற்றத்தில் நின்றுவிட,
பகல் இரண்டுக்குத்தான் மிக்சர் சுற்றியது.
சீகை விறகில் டிரம் தண்ணீரைச் சுடவைத்து
கை பொறுக்கும் சூட்டில் அள்ளி ஊற்றினோம்.
(விறகு வவுச்சர் நாற்பது. அதைக் கேட்கவில்லை. நன்றி.)
யோகராணி மட்டப்பலகையை இழுத்து முடித்து நிமிர்ந்தபோது
மேகம் இல்லை. காற்றும் இல்லை.
இங்கே அதுதான் பயம்.
கேரட் தோட்டத்துக்காரர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுப்
பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

கோவையிலிருந்து போன்:
‘பாத்தி கட்டியாச்சா? தண்ணி நிறுத்தியாச்சா?’
டிரம்மில் இருக்கிறது சார்,
சுத்தியல் எடுத்துவந்தால் ஊற்றலாம் என்றேன்.
கீழ்நாட்டில் கான்கிரீட் தாகத்தில் சாகும்.
இங்கே அதன் வயிற்றுத் தண்ணீரே அதற்கு எமன்:
இறுகுமுன் உறைந்தால்
உள்ளே பருத்து,
மணலும் சிமெண்டும் பிடித்த கையைப் பிரித்துவிடும்.

முதலில் பிளாஸ்டிக் தாள். அதன்மேல் வைக்கோல்.
இந்த மலையில் நெல் ஏது?
காந்தல் குதிரைக்காரர் ஜைனுலாபுதீன் கொடுத்தது;
ரசீது கேட்டேன், குதிரையைக் காட்டினார்.
வைக்கோல்மேல் கம்பளி. கம்பளிமேல் தார்ப்பாய்.
கீழே, முட்டுகளுக்கு நடுவில்
மூன்று இரும்புச் சட்டிகளில் கரி.

பத்து மணிக்குக் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
இட்லித் துணியை உரித்தெடுத்த கை மாதிரி வெதுவெதுப்பு.
கரியின் சூடு கொஞ்சம்தான்.
மிச்சம்,
தண்ணீரைக் குடிக்கக் குடிக்க
சிமெண்ட் தானே உண்டாக்கிக்கொண்டது.
போர்வை எதையும் புதிதாகத் தருவதில்லை ஐயா.
உங்கள் சூட்டை உங்களிடமே விட்டுவைக்கும்,
அவ்வளவே.

இரண்டே முக்காலுக்குக் கரி போட இறங்கினேன்.
சட்டிகளுக்கு நடுவே சோம்ரா படுத்திருந்தான்.
ராஞ்சிக்குத் தெற்கே ஏதோ ஊர். வந்து பதினோரு நாள்.
கீழே படுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்,
தமிழில்.
அவனுக்குத் தெரிந்த தமிழ்: சாப்பாடு, மேலே, போதும்.

கூப்பிட்டேன். அசையவில்லை.
அந்த நச்சுக்கு மணம் கிடையாது,
தூக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்.
ஆளுக்கொரு காலாக நானும் யோகராணியும் வெளியே இழுத்தோம்.
அவன் முதுகின் கீழ் உறைந்த புல்
அப்பளம்போல் நொறுங்கியது.
வாந்தி எடுத்தான். பிறகு எங்களைத் திட்டினான்,
திட்டாகத்தான் இருக்க வேண்டும், அந்தத் தொனி.
எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடுங்கத் தொடங்கினான்.
ஷெட் அரைக் கிலோமீட்டர்.
கைக்கு எட்டியது வடகிழக்கு மூலைக் கம்பளி.
உருவினேன்.
தார்ப்பாயைத் திரும்பக் கட்டினேனா? நினைவில்லை.
ஜீப் வந்தது. ஊட்டி போய்த் திரும்பினோம்.

விடியலில் தெர்மாமீட்டர் மைனஸ் இரண்டு.
அந்த மூலையில் மட்டும்
கான்கிரீட்மேல் பெரணி இலைகள்,
யாரும் வரையாத காம்பு, நரம்பு, நுனி.
அழகாகத்தான் இருந்தது.
நகத்தால் கீறினேன்.
மாவு.

நாலாம் நாள் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தோம்.
கூரை முழுக்க ணங் ணங்.
மூலை மட்டும் டொப்.
ஒரு கம்பளியின் அளவுக்கு, அச்சாக.
சாக்பீஸால் கோடு போட்டு,
ரெஜிஸ்டரில் என் பெயரில் எழுதி,
கொத்தி எடுத்து மறுபடி போட்டோம்.
சிமெண்ட் ஒரு மூட்டை, வவுச்சர் நாற்பத்தாறு.
அதன் ஓரத்துக்கும் சிவப்பு மை வரும், தெரியும்.

கையிருப்பு: கம்பளி பதின்மூன்று,
வைக்கோல் தூசியோடு. வந்து எண்ணிக்கொள்ளலாம்.
பதினான்காவது சோம்ராவிடம் இருக்கிறது.
திருப்பிக் கேட்கிற அளவுக்கு எனக்கு
இந்தி வராது என்று
எழுதிக்கொள்ளுங்கள்.